இரண்டு வீடுகளும் ஓர் ஏரியும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மே மாதத் தொடக்கத்தில் அலுவலக வேலையாக இத்தாலியின் மிலான் நகருக்குச் செல்கிறேன். வேலை முடிந்த பின் நான்கு நாட்கள் விடுப்பு இருக்கிறது. ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியையான என் அம்மாவும் உடன் வருகிறார். கோமோ, கார்தா, மஜோரே ஆகிய மூன்று ஏரிகளையும் அவற்றின் கரையிலுள்ள ஏழு ஊர்களையும் பார்ப்பதாகத் திட்டமிட்டிருக்கிறேன். அம்மாவுக்கு 68 வயது. முழங்கால் வலியால் படியேறச் சிரமப்படுவார். கோமோ ஏரிக்கரையிலுள்ள பெல்லாஜியோவில் தங்குவதே சிறப்பு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இவ்வளவு தூரம் போய்விட்டு ஓர் ஏரியை மட்டும் பார்த்துத் திரும்பினால் அது இழப்பாகிவிடாதா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

மூன்று ஏரிகள் வேண்டாம். கோமோ ஒன்றே போதும். அதிலும் ஓர் ஊரில் நான்கு நாட்களும் தங்குங்கள்.

பனியுகத்தில் ஆல்ப்ஸ் மலையிலிருந்து தெற்கே இறங்கிய பனியாறுகள் குடைந்த பள்ளத்தாக்குகளில்தான் இந்த ஏரிகள் நிறைந்திருக்கின்றன. ஆகையால் அவை பெரும்பாலும் வடக்கு தெற்காக நீண்டு, இடையிடையே மலைகளைக் கொண்டு, விரித்த கைவிரல்களைப் போலக் கிடக்கின்றன. வரைபடத்தில் பக்கத்தில் தெரியும் அடுத்த ஏரிக்கு ரயிலில் போக வேண்டுமானால் தெற்கே சமவெளிக்கு இறங்கி, பெரும்பாலும் மிலான் வரை வந்து, மறுபடி வடக்கே போக வேண்டியிருக்கும். பெட்டிகளோடும் முழங்கால் வலியோடும் அப்படி இருமுறை இடம் மாறினால், உங்கள் நான்கு நாட்களில் ஒரு முழு நாள் ரயில் நடைமேடைகளிலேயே கழிந்துவிடும்.

கோமோ ஏரி கவட்டைக் கம்பைத் தலைகீழாகப் பிடித்தது போன்ற வடிவமுடையது. தென்மேற்குக் காலின் நுனியில் கோமோ நகரமும் தென்கிழக்குக் காலின் நுனியில் லெக்கோவும் இருக்கின்றன. கால்கள் பிரியும் முனையில் பெல்லாஜியோ இருக்கிறது. அதற்கு எதிரே கிழக்குக் கரையில் வரென்னா, மேற்குக் கரையில் மெனாஜியோ. இந்த மூன்று ஊர்களுக்கும் இடையே படகுகள் நாள் முழுவதும் போய்வருகின்றன. ஒரு கரையிலிருந்து மறு கரைக்குச் சுமார் கால் மணி நேரம். நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 198 மீட்டரில் இருக்கிறது, ஆழமோ 400 மீட்டருக்கும் அதிகம். அதாவது, மலைகளுக்கு நடுவே இருக்கும் இந்த ஏரியின் அடித்தளம் கடல்மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. இவ்வளவு நீர் கோடை வெப்பத்தைச் சேமித்து வைத்துக் குளிர்காலத்தில் மெல்ல வெளிவிடுவதாலும், வடக்கே மலைகள் குளிர்காற்றைத் தடுப்பதாலும், ஆல்ப்ஸின் மடியில் ஆலிவ் மரங்கள் காய்க்கின்றன.

தங்குவதற்கு நான் மெனாஜியோவைச் சொல்வேன். பெல்லாஜியோ அழகான ஊர்தான். ஆனால் அதன் சந்துகளில் பல, கரையிலிருந்து மேலேறும் நீண்ட படிக்கட்டுகள். ஒரு முற்பகல் போய்வர அது பொருந்தும். ஒவ்வொரு வேளை உணவுக்கும் உங்கள் அம்மா ஏறி இறங்குவதற்குப் பொருந்தாது. மெனாஜியோவின் கரையோர நடைபாதை சமதளமானது. மிலான் மத்திய ரயில் நிலையத்திலிருந்து வரென்னாவுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும்; நிலையத்திலிருந்து படகுத்துறைக்கு இறக்கத்தில் சிறிது தூரம் நடக்க வேண்டும், அங்கிருந்து படகு. மாலையில் மெனாஜியோவின் கரையில் அமர்ந்திருங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கத்து மலையில் மறைந்த பிறகும், எதிர்க்கரைக்கு மேலே நிற்கும் கிரிஞ்ஞா மலையின் சுண்ணாம்புப் பாறைகள் நெடுநேரம் இளஞ்சிவப்பாக ஒளிர்ந்துகொண்டிருக்கும். அந்தக் காட்சிக்காகவே நான் இரண்டாம் முறையும் அங்கே தங்கினேன்.

இழப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்குப் பதிலாக இன்னொரு கடிதத்தைச் சொல்கிறேன். கோமோவில் பிறந்த ரோமானியரான இளைய பிளினி, ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன் தம் நண்பருக்கு எழுதிய கடிதமொன்றில், இந்த ஏரிக்கரையில் தமக்கு மிகப் பிடித்த இரண்டு வீடுகளைப் பற்றிச் சொல்கிறார். பாறைகளின் மேல் உயர்ந்து நிற்கும் வீட்டுக்குத் துன்பியல் என்றும், நீரோரத்தில் இருக்கும் வீட்டுக்கு இன்பியல் என்றும் பெயரிட்டிருந்தார். துன்பியல் நாடக நடிகர்கள் உயரமான காலணியும் இன்பியல் நடிகர்கள் தட்டையான செருப்பும் அணிந்ததால் வந்த பெயர்கள் இவை. மேல் வீட்டிலிருந்து மீனவர்களைப் பார்க்கலாம். கீழ் வீட்டிலோ படுக்கையறையிலிருந்தே தூண்டில் போடலாம் என்கிறார். ஒன்றிலிருந்து ஏரி விரிவாகவும் மற்றொன்றிலிருந்து நெருக்கமாகவும் கிடைக்கிறது, அந்த வேறுபாட்டாலேயே இரண்டும் இனிக்கின்றன என்பது அவர் கணிப்பு. மேல் வீடு பெல்லாஜியோவிலும் கீழ் வீடு லென்னோவிலும் இருந்தன என்பது உள்ளூர் மரபு. உலகத்தில் எங்கு வேண்டுமானாலும் வீடு கட்டியிருக்கக்கூடிய செல்வந்தர் ஒருவர், ஒரே ஏரியை இரண்டு விதமாகப் பார்ப்பதற்கு இரண்டு வீடுகளை வைத்திருந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அந்த இரண்டு விதமான பார்வையை நீங்களும் அம்மாவும் பகிர்ந்துகொள்ளலாம். வரென்னாவில் வில்லா மொனாஸ்தெரோ என்னும் மாளிகையின் தோட்டம் நீரோரமாகவே நீண்டு செல்கிறது. ஒரு காலத்தில் கன்னியர் மடமாக இருந்த அங்கே 1953 முதல் இத்தாலிய இயற்பியல் கழகத்தின் கோடைப் பள்ளி நடக்கிறது. 1954 கோடையில் இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி அங்கு வந்து பாடம் நடத்தினார், அதே ஆண்டு நவம்பரில் காலமானார். பள்ளி இன்று அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஓர் இயற்பியல் ஆசிரியை அந்தத் தோட்டத்தில் ஒரு மணி நேரம் அமர்ந்திருப்பதற்கு வேறு காரணம் தேவையில்லை. அந்த நேரத்தில் நீங்கள் ஊருக்கு மேலே உள்ள வெட்சியோ கோட்டைக்கு ஏறி, ஏரியின் மூன்று கிளைகளும் பிரியும் இடத்தைப் பார்த்துவிட்டு இறங்கலாம்.

இன்னொரு நாள் மேற்குக் கரையிலேயே. ட்ரெமெட்சோவில் வில்லா கார்லோத்தாவின் அசேலியாச் செடிகள் மே மாதத் தொடக்கத்தில் பூத்துக் குலுங்கும். அதன் மாடிகளுக்குப் படிகள் உண்டு. அம்மா கீழே நின்று பார்த்தாலே போதும். மதியம் லென்னோவில் மிசொல்தீனி கிடைத்தால் சாப்பிட்டுப் பாருங்கள். அகோனே என்னும் நன்னீர் மீனை உப்பிட்டு, வெயிலில் உலர்த்தி, புன்னை இலையை நினைவூட்டும் பசுமையான லாரல் இலைகளை இடையிடையே வைத்துத் தகரப் பாத்திரத்தில் அழுத்திப் பதப்படுத்துகிறார்கள். சோள மாவைக் கிண்டிச் செய்யும் பொலெந்தாவோடு பரிமாறுகிறார்கள். கருவாட்டை அறிந்த நாக்குக்கு அது சட்டென்று புரியும்.

காற்றையும் கணக்கில் கொள்ளுங்கள். அதிகாலையில் மலையிலிருந்து இறங்கும் வடகாற்றுக்குத் தீவானோ என்றும், நண்பகலுக்குப் பின் நிலம் சூடேறியதும் தெற்கிலிருந்து எழும் காற்றுக்கு ப்ரேவா என்றும் பெயர். பிற்பகல் படகின் மேல்தளத்தில் அம்மாவுக்கு ஒரு சால்வை கட்டாயம் வேண்டும். மாலையின் கடைசிப் படகு எப்போது என்று காலையிலேயே துறைப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். பாராமல் போய் ஓர் இரவு எதிர்க்கரையில் அறை தேடி அலைந்திருக்கிறேன்.

நான்காம் நாள் பெட்டிகளோடு மெனாஜியோவில் மெதுவாகச் செல்லும் படகில் ஏறிக் கோமோ நகரத்துக்குப் போங்கள். விரைவுப் படகு வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் சிற்றூர்கள் ஒவ்வொன்றாக அருகே வந்து விலகும். கோமோவின் கரையில், துறையிலிருந்து சமதள நடைதூரத்தில், அங்கேயே பிறந்தவரும் மின்கல அடுக்கை உருவாக்கியவருமான அலெசாந்த்ரோ வோல்டாவுக்கு எழுப்பிய நினைவகம் இருக்கிறது. 1899 கண்காட்சித் தீயில் அவருடைய கருவிகள் பல எரிந்துபோயின. தப்பியவையும் மீண்டும் செய்யப்பட்டவையும் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. திறந்திருக்கும் நாளா என்று முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மிலானுக்கு ரயில் எளிது.

ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து காட்டிய மின்கல அடுக்கை அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தபோது அம்மா என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.