பதில்: 5,000 வரி சிஎஸ்வி (கமா போட்டுப் பிரித்த அட்டவணைக் கோப்பு), உள்ளே போனது 4,812, பிழை ஒன்றும் இல்லை

மீதி 188 வரி எங்கே போனது என்று கேட்டிருக்கிறீர்கள். மைஎஸ்கியூஎல் (நீங்கள் ஏற்றிய தரவுத்தளம்) அதை விழுங்கிவிட்டது. கோப்பை டேபிளில் ஏற்றும் 'லோட் டேட்டா' கட்டளையோடு, கோப்பு உங்கள் கணினியில் இருக்கிறது என்று சொல்லும் 'லோக்கல்' சேர்த்தால் தரவுப் பிழைகளெல்லாம் வெறும் எச்சரிக்கையாகிவிடும், ஸ்ட்ரிக்ட் மோட் (தப்பான மதிப்பை ஏற்காமல் நிறுத்தும் அமைப்பு) போட்டிருந்தாலும் சரி. ஒரே கீ (டேபிளில் இரண்டு முறை வரக்கூடாத அடையாள மதிப்பு) இரண்டாவது முறை வந்தால் அந்த வரியைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். கட்டளை முடிந்ததும் வரும் வரியில் 'ஸ்கிப்டு' (தாண்டிய வரிகள்) பக்கத்தில் என்ன எண் இருக்கிறது, பாருங்கள், அநேகமாக 188 இருக்கும். அடுத்த கட்டளை எதையும் அடிக்காமல் உடனே 'ஷோ வார்னிங்ஸ்' கொடுங்கள், இல்லையென்றால் எச்சரிக்கைப் பட்டியல் போய்விடும்.

என்னைக் கேட்டால் காணாமல் போன வரிகளைவிட உள்ளே போனவைதான் ஆபத்து: எண் வர வேண்டிய இடத்தில் 'இல்லை' என்று இருந்தால் அது 0 ஆகியிருக்கும், 31/12/2023 என்று எழுதிய தேதி முழுக்கச் சுழியமாகியிருக்கும்.

அதனால் டேபிளைக் காலி செய்துவிட்டு, எல்லா நெடுவரிசையும் அகலமான வார்சார் (எந்த எழுத்தையும் ஏற்கும் வகை), யூனிக் கீ கிடையாது என்று ஒரு தற்காலிக டேபிளில் ஏற்றுங்கள். இரட்டை வரிகளை அங்கேயே 'குரூப் பை' (ஒரே மதிப்புள்ள வரிகளைச் சேர்த்துக் காட்டுவது) போட்டுப் பிடியுங்கள். அப்புறம் ஸ்ட்ரிக்ட் மோடில் 'இன்சர்ட் செலக்ட்' போட்டு அங்கிருந்து உண்மையான டேபிளுக்கு மாற்றுங்கள். தப்பு இருந்தால் அது அங்கேயே நின்று கத்தும்.