யாழுக்கு இட்ட பலகை

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் என் பெரியப்பா காலமானார். பறை வைத்தால் கௌரவமாக இருக்காது என்று வீட்டில் சிலர் சொன்னதால் பேண்டு செட்டு அமர்த்தினோம். கல்லூரியில் படிக்கும் என் மகள், "கோயிலில் நாகஸ்வரம் கேட்டால் கும்பிடுகிறோம், பறை மட்டும் எப்படிக் கௌரவக் குறைச்சலாகும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நான் புரட்டிய நூல்களில் மன்னர்கள் ஆதரித்தார்கள், வித்துவான்கள் பாடினார்கள் என்பதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. நம் சமூகத்தில் இசை என்னதான் செய்திருக்கிறது? எழுத முடியுமா?

ஒரு வாசகர், திருமங்கலம்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகளின் கேள்வியையே பிடித்துக்கொண்டு போகிறேன். வாசிப்பவர் எங்கே நின்று வாசித்தார், அவருக்கு எங்கே இடம் போட்டார்கள் என்று கேட்டுப் பார்த்தால், மன்னர்களின் ஆதரவைப் பற்றிப் படிப்பதைக் காட்டிலும் அதிகம் விளங்கும் என்பது என் நம்பிக்கை.

மதுரையிலேயே அதற்கு ஒரு காட்சி இருக்கிறது. சம்பந்தரின் பதிகங்களுக்குப் பின்னாளில் யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர், அவரைச் சந்திப்பதற்கு முன்பு ஆலவாய்க்கு வருகிறார். பாணர் குலத்தவர் என்பதால் கோயில் வாயிலுக்கு வெளியே நின்றே வாசிக்கிறார். அன்றிரவு இறைவன் அடியார்களின் கனவில் தோன்றி அவரை உள்ளே அழைத்து வரச் சொல்கிறார் என்கிறது பெரியபுராணம். உள்ளே வந்து அவர் பாடத் தொடங்கியதும் ஓர் அசரீரி எழுகிறது: தரையின் ஈரம் தாக்கினால் யாழின் கட்டுத் தளர்ந்துவிடும், அவருக்குப் பலகை இடுங்கள். நரம்புக் கருவியைக் கையில் எடுத்தவர்களுக்கு இது வெறும் அற்புதக் கதையாகத் தோன்றாது. ஈரம் பட்டால் சுருதி இறங்கும் என்பது அன்றாடத் தொல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் அந்தத் தொல்லையைக் கடவுளின் வாயிலேயே வைக்கிறார். அதை வாசிக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது. கூடவே, அந்த மனிதர் உட்கார ஓர் இடம் கிடைக்க இறைவனே குறுக்கிட வேண்டியிருந்ததே என்ற வருத்தமும் எழுகிறது.

எப்போதும் அப்படி இருந்ததில்லை. புறநானூற்றின் 335ஆம் பாட்டில் மாங்குடி கிழார், துடியன், பாணன், பறையன், கடம்பன் ஆகிய நான்கு குடிகளைத் தவிர வேறு குடியே இல்லை என்கிறார். இவற்றில் முதல் மூன்றும் துடி என்ற தோற்கருவியையும் பண்ணையும் பறையையும் கையாண்டவர்களின் பெயர்கள். பரிபாடலில் வையையைப் பாடும் ஆறாம் பாட்டின் அடிக்குறிப்பு, பாடியவர் நல்லந்துவனார், இசை வகுத்தவர் மருத்துவன் நல்லச்சுதனார், பண் பாலையாழ் என்று தனித்தனியே சொல்கிறது. மெட்டமைத்தவரின் பெயரைக் கவிஞரின் பெயருக்குப் பக்கத்தில் வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று எண்ணிய ஒரு காலம் இந்த ஆற்றங்கரையில் இருந்திருக்கிறது.

இசை என்ன செய்தது என்று கேட்டீர்கள். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையை எடுத்துப் பாருங்கள். மதுரைக்குப் புறத்தே ஆயர்பாடியில் விடிகிறது. குடத்துப் பால் உறையவில்லை, உறியில் இருந்த வெண்ணெய் உருகவில்லை, ஆக்களின் கழுத்து மணிகள் அறுந்து நிலத்தில் விழுகின்றன. ஏதோ தீங்கு வரப்போகிறது என்று அஞ்சிய மாதரி என்ற ஆயர்குல மூதாட்டி, ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயரை அவர்களுக்கு இட்டு, குரவை ஆடச் சொல்கிறாள். அங்கே அரங்கும் இல்லை, அரசனும் இல்லை. பயந்துபோன ஓர் ஆயர்பாடி தன் பயத்தைத் தாங்கிக்கொள்ளத் தன் பெண்களையே பண்ணாக நிறுத்திக்கொள்கிறது. இன்றும் முளைப்பாரிக் கும்மியிலும் இழவு வீட்டு ஒப்பாரியிலும் நடப்பது இதுதான் என்றே நினைக்கிறேன்.

இனி பறைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், அடிப்பதற்கு முன் பறையைக் காய்ச்சுவதை அருகில் நின்று பார்த்தேன். தெரு முனையில் கொஞ்சம் வைக்கோலைக் கொளுத்தி, தோல் கருகாத தூரத்தில் பறையைப் பிடித்து மெல்லத் திருப்பிக்கொண்டே, நடுநடுவே விரலால் தட்டிக் காதருகே கொண்டுபோனார் அந்தப் பெரியவர். முதலில் மந்தமாக எழுந்த ஓசை, தட்டத் தட்டக் கூர்மையாகி, வெண்கலம் போலக் கணீரென்று வந்ததும் தலையசைத்துவிட்டு, இடக்கையில் நீண்ட மெல்லிய சிம்புக்குச்சியையும் வலக்கையில் அடிக்குச்சியையும் எடுத்தார். யாழைத் தளர்த்திய அதே ஈரம்தான் இந்தத் தோலையும் தளர்த்துகிறது. யாழுக்குக் கோயிலுக்குள் பலகை கிடைத்தது; பறை தெரு முனைத் தீயிலேயே நின்றுவிட்டது. அதை அடித்தவர்கள் மீனாட்சி கோயிலுக்குள் நுழைய 1939 ஜூலை 8 வரை, விடுதலைப் போராட்ட வீரர் வைத்தியநாத ஐயர் அவர்களை அழைத்துச் சென்ற நாள் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. உங்கள் மகளுக்கு நான் தரக்கூடிய நேரான பதில் இதுவே: அடிப்பவரை எங்கே நிறுத்தினோமோ அதைக் கொண்டு கருவிக்குக் கௌரவத்தைக் கூட்டியும் குறைத்தும் வைத்தோம், ஓசைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

இதே கணக்கு உங்கள் ஊர்க்காரர் ஒருவரையும் விடவில்லை. 1886இல் சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த நடிகர் விசுவநாத தாஸ், இரவு முழுதும் நடக்கும் ஸ்பெஷல் நாடகம் என்ற இசை நாடகத்தில் முருகனாக நின்றால் கூட்டம் விடியும்வரை கலையாது. 1876இல் வந்த நாடகச் சட்டத்தைக் கொண்டு அரசு தனக்கு ஒவ்வாத நாடகங்களைத் தடுக்க முடிந்தது. ஆனால் முருகன் கதையான வள்ளி திருமணம் நாடகத்தை எதற்காகத் தடுப்பது? அதில் தினைப்புனம் உண்டு, தினை தின்ன வரும் பறவைகளை விரட்டும் காட்சி உண்டு. அந்த இடத்தில் தாஸ், மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய கொக்குப் பாட்டை எடுப்பார். கொக்கு வெள்ளை; நாட்டை ஆள்பவனும் வெள்ளை. பின்பாட்டுக்காரரின் ஆர்மோனியம் அடுத்த அடிக்குப் போவதற்குள் ஊர் முழுவதற்கும் விளங்கிவிடும். இதற்காக அவர் பலமுறை சிறைக்குப் போனார். செய்தித்தாளை எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாதவர்களிடம் விடுதலைப் போராட்டத்தைக் கொண்டுசேர்த்ததில் இந்த மேடைப் பாட்டுக்கு இருந்த பங்கை நம் வரலாற்று நூல்கள் இன்னும் போதிய அளவு சொல்லவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அவர் மருத்துவர் குலத்தில், அதாவது நாவிதர் என்று ஊர் ஒதுக்கிவைத்த குடியில் பிறந்தவர். அதனாலேயே அவருடன் நடிக்க மறுத்தவர்கள் உண்டு. முருகனாக மயில் மீது இருக்கும்போது கும்பிடத் தயாராக இருந்த கைகள், வேஷம் கலைத்த பின் அவரோடு சமமாக உட்காரத் தயங்கின. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில், அதே முருகன் வேடத்தில், மேடையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் பறை வேண்டாம் என்றது கௌரவம் கருதி. அடிப்பவர்களிலும் பலர், சாவுக்கு அடிப்பது தங்கள் மேல் சுமத்தப்பட்ட ஊழியம் என்பதால் அதற்கு இனி வரமாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல, இரண்டாவதை நான் முழு மனதோடு மதிக்கிறேன். அலங்காநல்லூரைச் சேர்ந்த வேலு ஆசான் போன்றவர்கள் பறையைக் கற்பிக்கும் கலையாகவும் மேடைக் கலையாகவும் கொண்டுவந்ததற்குப் பின்னால் இந்த மறுப்பும் இருக்கிறது. 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது எனக்கு அந்தப் பலகைதான் நினைவுக்கு வந்தது.

விசுவநாத தாஸின் நினைவு இல்லம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஒரு நாள் மகளை அங்கே அழைத்துப் போங்கள். பங்குனியில் சுற்றுவட்டாரத்தில் எங்காவது வள்ளி திருமணம் போட்டால், இரவு பத்து மணிக்கே போய் ஆர்மோனியம் தெரிகிற பக்கமாக உட்காருங்கள். அவள் என்ன கேட்டாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்