டேப்லோவிலிருந்து பவர் பிஐக்கு மாற்றிய மாடலில் டூப்ளிகேட் எர்ரர் வருகிறது, கணக்கும் உதைக்கிறது. எங்கே பார்ப்பது?

டேப்லோவும் பவர் பிஐயும் தரவை வைத்து ரிப்போர்ட் போடும் மென்பொருட்கள்; மாடல் என்பது டேபிள்களை இணைத்து வைத்த அமைப்பு. கேள்வியில் இரண்டு சிக்கல் இருக்கிறது. கஸ்டமர் டேபிளில் டூப்ளிகேட்டை நீக்கிய பிறகும் ரிலேஷன்ஷிப் (இரண்டு டேபிளை இணைக்கும் தொடர்பு) போட விடாமல் எர்ரர் வருவது ஒன்று. மெனி-டு-மெனி (இரண்டு பக்கமும் ஒரே கோடு பலமுறை வரலாம் என்ற வகை) என்று மாற்றிப் போட்டதும் எர்ரர் போய், எண்கள் டேப்லோவோடு ஒத்துப்போகாதது இன்னொன்று. முதலாவதை மறைத்ததால் வந்ததுதான் இரண்டாவது.

டூப்ளிகேட்டை நீக்குவது, தரவை ஏற்றும் முன் சுத்தம் செய்யும் பவர் குவெரி. இல்லை, இன்னும் இருக்கிறது என்று அடம்பிடிப்பது, தரவை ஏற்றிக் கணக்குப் போடும் மாடல் எஞ்சின். பவர் குவெரிக்கு ஆங்கில கேப்பிட்டலும் ஸ்மாலும் வேறு வேறு. எஞ்சினுக்கு இரண்டும் ஒன்று. ஒரே கஸ்டமர் கோடு ஒரு வரியில் கேப்பிட்டலிலும் இன்னொரு வரியில் ஸ்மாலிலும் இருந்தால் குவெரி இரண்டையும் விட்டுவைக்கும், ஏற்றும்போது எஞ்சின் திருப்பியடிக்கும். கோடின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஸ்பேஸும் இதே கதைதான்.

அதனால் வரிசை முக்கியம். கீ காலத்தில் (டேபிள்களை இணைக்கும் கோடு இருக்கும் நெடுவரிசையில்) முதலில் ட்ரிம் (முன்பின் ஸ்பேஸை வெட்டுவது), அடுத்து அப்பர்கேஸ், அடுத்து நல் (மதிப்பே இல்லாத) வரிகளை ஃபில்டரில் எடுப்பது, கடைசியில்தான் ரிமூவ் டூப்ளிகேட்ஸ். ஏற்கெனவே போட்ட ரிமூவ் டூப்ளிகேட்ஸ் ஸ்டெப் மேலே இருந்தால் அதைக் கீழே இழுத்துவிடுங்கள். ஒரே ஒரு நல் இருந்தாலும் 'ஒன்' பக்கத்துக்கு (ஒவ்வொரு கோடும் ஒருமுறை மட்டும் வர வேண்டிய பக்கம்) அந்தக் காலம் ஆகாது. விற்பனை டேபிளின் கீயிலும் ட்ரிம் போடுங்கள். முன்னால் இருக்கும் ஸ்பேஸை எஞ்சின் மன்னிக்காது.

மெனி-டு-மெனியை எடுத்துவிடுங்கள். ஒன்-டு-மெனியில், கஸ்டமர் டேபிளில் இல்லாத கோடுக்கு விற்பனை இருந்தால் அது 'பிளாங்க்' என்று தனி வரியாக வந்து கண்ணில் படும். மெனி-டு-மெனியில் அந்த வரியே வராது, ஆனால் அடியில் உள்ள டோட்டலில் தொகை சேர்ந்திருக்கும். ஊர்வாரியாக நீங்கள் கூட்டினால் 97 லட்சம், டோட்டலில் 100 லட்சம் என்று நிற்கும். இதைவிட சிவப்பு எர்ரரே மேல்.

இனி டேப்லோவோடு ஒப்பிடுவது. ஃபில்டர் எதுவும் இல்லாமல் இரண்டு பக்கமும் வரி எண்ணிக்கையையும் மொத்த விற்பனையையும் மட்டும் எடுங்கள். அதுவே ஒத்துவரவில்லை என்றால் ரிலேஷன்ஷிப்பைத் தொடாதீர்கள். டேப்லோவில் டேட்டா சோர்ஸ் ஃபில்டரோ எக்ஸ்ட்ராக்ட் ஃபில்டரோ இருக்கும் (ஷீட்டில் தெரியாது, பலரும் மறப்பது இதைத்தான்), அல்லது அங்கே போட்ட ஜாயின் (டேபிள்களை ஒட்டும் இணைப்பு) வரிகளைப் பெருக்கியிருக்கும். அப்படியானால் தப்பு பழைய ரிப்போர்ட்டில். மொத்தம் சரி, மாதவாரிதான் தப்பு என்றால் தேதியைப் பாருங்கள். காலண்டர் டேபிளில் தேதி நள்ளிரவு 00:00. ஆர்டர் காலத்தில் 14:32 என்று நேரம் ஒட்டியிருந்தால் இரண்டும் பொருந்தாது. எர்ரரும் வராது, எல்லாம் பிளாங்கில் போய் விழும். ஃபார்மேட்டை மாற்றினால் நேரம் மறையும், போகாது. பவர் குவெரியில் டேட்டா டைப்பையே 'டேட்' ஆக்க வேண்டும்.

டேப்லோவின் 'ஃபிக்ஸ்டு' கணக்குகளை (கஸ்டமர்வாரி போல, சொன்ன காலத்தின்படி மட்டும் கூட்டுபவை) பவர் பிஐயில் வெறும் கால்குலேட் ஃபங்ஷன் வைத்து கால்குலேட்டட் காலமாக (ஃபார்முலாவால் சேர்க்கும் நெடுவரிசையாக) எழுதினால், முதல் காலம் ஓடும். அதே டேபிளில் இரண்டாவது போட்டதும் சர்க்குலர் டிபெண்டென்சி (ஒன்றையொன்று சார்ந்த சுழல்) என்று நிற்கும். தனித்த கீ இல்லாத டேபிளில் அப்படி எழுதிய ஒவ்வொரு காலமும் மற்ற எல்லாக் காலங்களையும் சார்ந்துவிடுவதுதான் காரணம். கால்குலேட் உள்ளே ஆல்எக்ஸெப்ட் ஃபங்ஷன் போட்டு, தேவையான காலத்தை மட்டும் விடுங்கள்.

எல்லாம் சரிசெய்த பிறகும் கஸ்டமர் எண்ணிக்கை மட்டும் சரியாக 1 கூடுதலாகக் காட்டினால் பதற வேண்டாம். தனித்த மதிப்புகளை எண்ணும் டேப்லோவின் கவுண்ட்-டி நல்லை எண்ணாது, பவர் பிஐயின் டிஸ்டிங்ட்கவுண்ட் பிளாங்கையும் ஒரு மதிப்பாக எண்ணும். டிஸ்டிங்ட்கவுண்ட்நோபிளாங்க் போடுங்கள்.