ட்ரூயிட் நாவல்: மந்திரவாதியை விடுங்கள், நீதிபதியை எழுதுங்கள்

கேள்வி: சீசர் காலத்துக் கோல் நாட்டை (இன்றைய பிரான்ஸ்) வைத்துத் தமிழில் ஒரு வரலாற்று நாவல் எழுதி வருகிறேன். நாயகன், ட்ரூயிட் (கோல் மக்களின் பூசாரி, அறிஞர்) ஆவதற்காகப் படிக்கும் இளைஞன். முதல் அத்தியாயம் இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தில் நடக்கும் நள்ளிரவுச் சடங்கு. ட்ரூயிட்கள் எதையும் எழுதி வைக்கவில்லை என்கிறார்கள். அப்படியானால் எதை நம்பி எழுதுவது? எவ்வளவு தூரம் கற்பனை செய்யலாம்?

பதில்: முதலில் அந்த முதல் அத்தியாயத்தை மாற்றிவிடுங்கள். ஸ்டோன்ஹெஞ்சின் பெரிய கற்கள் கி.மு. 2500 வாக்கில் நிறுத்தப்பட்டவை. சீசர் கோல் நாட்டுக்குள் போர் தொடங்கியது கி.மு. 58இல். இரண்டுக்கும் நடுவே 2,400 ஆண்டுகள் இருக்கின்றன, ஒரு கடலும் இருக்கிறது. அந்தக் கற்களையும் ட்ரூயிட்களையும் சேர்த்து முடிச்சுப் போட்டவர்கள் ஜான் ஆப்ரி, வில்லியம் ஸ்டக்லி என்ற 17, 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள்.

வெள்ளை அங்கி, தங்க அரிவாள், ஓக் மரத்தில் ஏறிப் புல்லுருவி அறுக்கும் காட்சி எல்லாம் ரோமானிய எழுத்தாளர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய ஒரே ஒரு பகுதியிலிருந்து வருபவை. ஒரு காட்சிக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். நாவல் முழுவதையும் அதன்மேல் கட்டினால், வாசகர் ஏற்கெனவே திரையில் பார்த்துச் சலித்த கிழட்டு மந்திரவாதிதான் மறுபடியும் வந்து நிற்பார்.

சீசர் தன் போர்க் குறிப்புகளின் ஆறாம் பகுதியில் காட்டும் ட்ரூயிட் வேறு ஆள். கொலை வழக்கையும், சொத்துத் தகராறையும், எல்லைச் சண்டையையும் அவர்தான் தீர்க்கிறார். தீர்ப்புக்குக் கட்டுப்படாதவரைப் பலிச் சடங்குகளிலிருந்து விலக்கி வைக்கிறார். விலக்கப்பட்டவரோடு யாரும் பேச மாட்டார்கள், எதிரே வந்தால் ஒதுங்கிப் போவார்கள், அவர் நீதி கேட்டு வந்தாலும் கிடைக்காது. ட்ரூயிட்களுக்கு வரி இல்லை, போருக்குப் போக வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை கார்னூட் மக்களின் நிலத்தில் ஒரு புனித இடத்தில் கூடுகிறார்கள், நாடெங்கிலும் இருந்து வழக்காளிகள் அங்கே வருகிறார்கள். உங்கள் தொடக்கக் காட்சி இங்கே இருக்கிறது என்பேன். ஊர் விலக்கு என்றால் என்ன வலி என்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதே இல்லை.

எதை நம்புவது என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்த மிக நல்ல விடை ஒரு மனிதர்: கோல் நாட்டு இனக்குழுக்களில் ஒன்றான ஏடுயி மக்களின் தலைவர் டிவிசியாகஸ். தன் மக்கள் ஜெர்மானியத் தலைவன் அரியோவிஸ்டஸிடமும் அண்டை மக்களிடமும் தோற்று நொந்தபோது உதவி கேட்டு ரோமுக்கே போனவர். அங்கே ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் விருந்தாளியாக இருந்தார். டிவிசியாகஸ் ஒரு ட்ரூயிட், இயற்கை பற்றிய அறிவு தனக்கு உண்டு என்று சொன்னார், வரப்போவதைக் குறி பார்த்தும் ஊகித்தும் கூறினார் என்று சிசரோ எழுதுகிறார். பெயர் சொல்லி, நேரில் பழகியவர் சொல்லி, நமக்குக் கிடைக்கும் ட்ரூயிட் இவர் ஒருவரே.

இப்போது சீசரைப் படியுங்கள். டிவிசியாகஸைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். ஆலோசகர், தூதர், நண்பர் என்கிறார். ட்ரூயிட் என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை! ட்ரூயிட்களைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதியவர் இதை ஏன் விட்டார்? வரலாற்றாசிரியர்கள் பலவிதமாக ஊகிக்கிறார்கள். நாவலாசிரியருக்கு இதைவிட நல்ல இடைவெளி கிடைக்காது.

டிவிசியாகஸுக்கு டும்நோரிக்ஸ் என்று ஒரு தம்பி. ஏடுயி நாட்டுச் சுங்கவரியை மலிவான குத்தகைக்கு எடுத்துப் பணம் சேர்த்தவன். அவன் ஏலம் கேட்டால் எதிர்த்துக் கேட்க யாருக்கும் துணிவில்லை. சொந்தக் குதிரைப்படை வைத்திருந்தான், ரோமை வெறுத்தான். கி.மு. 58இல் அவன் துரோகம் வெளிப்பட்டதும் சீசர் வழக்கமான மொழிபெயர்ப்பாளர்களை வெளியே அனுப்பிவிட்டு, நம்பகமான ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு அண்ணனிடம் பேசுகிறார். டிவிசியாகஸ் அழுதபடி தம்பிக்காகக் கெஞ்சுகிறார். அன்று உயிர் தப்பியது. கி.மு. 54இல் பிரிட்டன் படையெடுப்புக்குக் கப்பலேறச் சொன்னபோது டும்நோரிக்ஸ் கடல் பயம் என்றான், மதத் தடை என்றான், கடைசியில் தப்பி ஓடினான். துரத்திப் பிடித்தபோது, 'நான் சுதந்திர நாட்டின் சுதந்திர மனிதன்' என்று கத்திக்கொண்டே செத்தான். ரோமை நம்பிய ட்ரூயிட் அண்ணன், எதிர்த்த தம்பி. உங்கள் மாணவனை இந்த வீட்டில் கொண்டுபோய் விடுங்கள்.

கி.மு. 52இல் இன்னொரு சம்பவம். ஏடுயி நாட்டின் ஆண்டுத் தலைவருக்கு வெர்கோப்ரெட் என்று பெயர். பதவிக் காலத்தில் அவர் நாட்டு எல்லையைத் தாண்டக் கூடாது. அந்த ஆண்டு இரண்டு பேர் நானே தலைவன் என்று நின்றார்கள். சீசரே எல்லைக்குள் வந்து, பூசாரிகள் மரபுப்படி நியமித்த கன்விக்டோலிடாவிஸ்தான் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னார். சில வாரங்களிலேயே அந்த ஆள் சீசருக்கு எதிராகத் திரும்பினான். அந்தப் பூசாரிகள் ட்ரூயிட்களா என்பதை மூலம் சொல்லவில்லை, நீங்கள் சொல்லலாம்.

சீசர் தன் போரை ரோமானியர்களிடம் நியாயப்படுத்த எழுதியவர் என்பதை மறக்காதீர்கள். குச்சியால் பின்னிய பெரிய உருவத்தில் மனிதர்களை அடைத்து எரித்தார்கள் என்பதும் அவர் தரும் செய்திதான். அதற்காகக் கோல் மக்களைப் பூப்போட்ட சாதுக்களாக்கவும் வேண்டாம். வடக்கு பிரான்சில் கூர்னே-சூர்-அரோந்த் என்ற இடத்தில் தோண்டியபோது, அகழியும் வேலியும் சூழ்ந்த ஒரு வழிபாட்டு இடத்தில் வளைத்து முறித்த வாள்களும், பலியிட்ட மாடுகளின் எலும்புகளும், மனித எலும்புகளும் குவியலாகக் கிடைத்தன. வழிபாடு என்றால் மரத்தடி மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இது முக்கியமான செய்தி.

படிப்புக்கு வருவோம். சிலர் 20 ஆண்டுகள் வரை படித்தார்கள், ஏராளமான செய்யுள்களை மனப்பாடம் செய்தார்கள் என்கிறார் சீசர். புனிதப் பாடங்களைத்தான் எழுதவில்லை. கணக்குவழக்குக்குக் கிரேக்க எழுத்தைப் பயன்படுத்தினார்கள். ஆகவே உங்கள் நாயகன் எழுதப் படிக்கத் தெரிந்தவனாக இருக்கலாம், அதுவே அவனுக்கு ஆபத்தாகவும் ஆகலாம். நம் கை இங்கே தானாகக் குருகுலத்தையும் ஆசிரமத்தையும் எழுதப் போகும், அதைத் தடுத்துக்கொள்ளுங்கள். இவர்கள் உயர்குடிப் பிள்ளைகள், அரசியலுக்கு நடுவே வளர்ந்தவர்கள்.

செய்யுள்களையும் மந்திரங்களையும் நீங்களே இயற்றலாம். ஆனால் பொருள் இன்னும் புரியாத மாணவனின் காது வழியாகக் கேட்க வையுங்கள். முழுவதையும் விளக்கினால் போலித்தனம் தெரிந்துவிடும். காலக் கணக்குக்கு, பிரான்சின் கோலிக்னியில் 1897இல் கிடைத்த வெண்கல நாட்காட்டி உதவும். கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, ஆனால் கோல் மொழியில் சமோனியோஸ் போன்ற மாதப் பெயர்கள் அதில் உள்ளன. ஐந்து ஆண்டுகளில் இரண்டு கூடுதல் மாதம் சேர்த்துக்கொண்டார்கள். காலத்தைப் பகலால் இல்லாமல் இரவால் எண்ணினார்கள் என்கிறார் சீசர். உங்கள் பாத்திரம் 'மூன்று நாளில் வருகிறேன்' என்று சொல்லக் கூடாது, 'மூன்று இரவில்' என்றே சொல்ல வேண்டும்.

அயர்லாந்துக் கதைகளிலிருந்து எடுக்கும்போது கவனம். அவை கிறிஸ்தவத் துறவிகள் பல நூற்றாண்டு கழித்து எழுதிய கையெழுத்துப் பிரதிகளில்தான் இருக்கின்றன. ஓகம் என்ற பழைய அயர்லாந்து எழுத்தும் சீசருக்குப் பல நூற்றாண்டு பிந்தியது.

அப்புறம் சின்ன விஷயங்கள். குதிரைச் சேணத்தில் அங்கவடி (கால் வைக்கும் வளையம்) வேண்டாம், அது அன்று ஐரோப்பாவில் இல்லை. உருளைக்கிழங்கும் தக்காளியும் அமெரிக்காவிலிருந்து பின்னால் வந்தவை. பார்லி, கோதுமை, பன்றி இறைச்சி, பீர் போதும். பணக்காரர் வீட்டில் இத்தாலிய மது இருக்கட்டும். ஒரு ஜாடி மதுவுக்கு ஒரு அடிமையைக் கொடுத்தார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதுகிறார். வட்ட வீடு பிரிட்டனுக்குப் பொருந்தும், கோல் நாட்டில் பெரும்பாலும் நீள்சதுர மர வீடுகள். பாத்திரங்கள் தங்களை கெல்ட்டியர் என்ற பொதுப் பெயரால் சொல்லிக்கொண்டே இருக்காமல் ஏடுயி, செக்குவானி, அர்வெர்னி என்று தங்கள் இனக்குழுவின் பெயரைச் சொல்லட்டும், ஏனென்றால் அவர்களுடைய சண்டைகளும் உறவுகளும் அந்தப் பெயர்களில்தான் இருந்தன. பெண் பெயர்களுக்கு, 1983இல் பிரான்சின் லார்சாக் பகுதியில் ஒரு கல்லறையில் கிடைத்த ஈயத்தகட்டைப் பாருங்கள். கோல் மொழியில் எழுதிய மந்திரச் சாபம் அது, பல பெண்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன.