கான்ட் படித்தால் தேவ அழைத்தல் போய்விடுமா?

வணக்கம் ஐயா,

என் அக்காவின் மகன் யாழ்ப்பாணம் கொழும்புத்துறை புனித சவேரியார் குருமடத்தில் மெய்யியல் படிக்கிறார். லீவுக்கு வந்தபோது, கடவுள் இருப்பதை அறிவால் நிரூபிக்க முடியாது என்று ஜெர்மன் மெய்யியலாளர் கான்ட் சொன்னதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு விசுவாசம் போய்விடுமோ என்று அக்கா பயப்படுகிறார். பூசை வைக்கவும் சனத்தோடு பழகவும் இத்தனை வருடப் படிப்பு தேவைதானா?

ஒரு வாசகர், தாண்டவன்வெளி

அன்புள்ள வாசகருக்கு,

மருமகன் வழிதவறிப் போகவில்லை, பாடத்திட்டத்துக்குள்தான் இருக்கிறார். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் குருத்துவப் படிப்புக்குக் குறைந்தது 6 ஆண்டுகள் கேட்கிறது: மெய்யியலுக்கு 2, இறையியலுக்கு 4. ஆயத்த வருடமும் பங்குப் பயிற்சியும் சேர்ந்தால் இன்னும் நீளும். விசுவாசத்துக்கு இடம் வைக்கவே அறிவுக்கு எல்லை போட வேண்டியிருந்தது என்று எழுதியவரும் அதே கான்ட்தான். அதையும் மருமகன் சொல்லியிருந்தால் அக்கா பாதிதான் பயந்திருப்பார்.

பூசை வைக்கப் பழக இவ்வளவு காலம் வேண்டாம். செத்த வீட்டுக்குப் போகத்தான் இவ்வளவு காலம் வேண்டும்.

13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் புனித தோமா அக்குவினாஸ் எழுதிய 'சும்மா தெயோலோஜியே' என்ற பெருநூலின் ஒழுங்கைப் பாருங்கள். ஒரு கேள்வியை வைப்பார். உடனே தன் பதிலைச் சொல்லமாட்டார், எதிராளியின் வாதத்தைத்தான் முதலில் எழுதுவார். 'கடவுள் இருக்கிறாரா?' என்ற இடத்தில் முதல் மறுப்பு இப்படிப் போகிறது: கடவுள் என்றால் எல்லையற்ற நன்மை, அப்படி ஒன்று இருந்தால் தீமைக்கு இடமே இருக்காது, ஆனால் உலகத்தில் தீமை இருக்கிறது, ஆகவே கடவுள் இல்லை. ஒரு நாத்திகர்கூட இதைவிடச் சுருக்கமாகச் சொல்லமாட்டார். இரண்டாவது மறுப்பு, எல்லாவற்றையும் இயற்கையையும் மனித அறிவையும் வைத்தே விளக்கலாமே, கடவுள் எதற்கு என்பது. இவ்வளவையும் எழுதிவிட்டுத்தான் தன் வாதத்தைத் தொடங்குகிறார்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பு நாவலடியிலும் கல்லடியிலும் பிள்ளைகளை இழந்தவர்கள் கேட்டதும் அந்த முதல் மறுப்பைத்தான். தீமையிலிருந்தும் நன்மையை எடுக்கக் கடவுளால் முடியும் என்பதால்தான் அதை அனுமதிக்கிறார் என்று அகுஸ்தீனை மேற்கோள் காட்டித் தோமா பதில் சொல்கிறார். வகுப்பறையில் அது சரி. நாவலடியில் போய் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தக் கேள்வியின் முழுப் பாரத்தையும் தாங்கிப் பார்த்த ஒரு இளம் சுவாமி, செத்த வீட்டு வாசலில் 'எல்லாம் தேவ சித்தம்' என்று அவசரப்படமாட்டார். பேசாமல் பக்கத்தில் இருக்கவாவது அவருக்குத் தெரிந்திருக்கும்.

படித்தால் வம்பும் வரும்தான். இலங்கை இறையியலாளர் திஸ்ஸ பாலசூரிய அடிகள் மரியாளைப் பற்றி எழுதிய புத்தகத்துக்காக 1997இல் சபைவிலக்கு பெற்றார். அடுத்த ஆண்டே அது நீக்கப்பட்டது.

எனக்குள்ள குறை வேறு. குருப்பட்டம் முடிந்து பங்குக்கு வந்தவரிடம் நாம் என்ன கேட்கிறோம்? கட்டட நிதி, கொடியேற்றம், திருவிழா பஸ், அப்புறம் பிரசங்கம் பத்து நிமிடத்துக்குள் முடியுமா என்று. நம் பக்கத்தில் அம்மம்மா சைவம், பேரப்பிள்ளைகள் கத்தோலிக்கம் என்று இருக்கும் குடும்பங்கள் உண்டு. அம்மம்மா மோட்சம் போவாவா? தன் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாதவர், நேர்மையான மனதோடு கடவுளைத் தேடி மனச்சாட்சிப்படி நடந்தால் மீட்படையலாம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இலேயே சொல்லிவிட்டது. அதை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறீர்கள்? நாம் கேட்காததால் அவர்களும் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

அடுத்த லீவில் மருமகன் வந்தால் தோமாவின் அந்தப் பகுதியைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். முதலாம் பாகம், 2ஆம் கேள்வி, 3ஆம் பிரிவு. நீங்கள் மறுப்பின் பக்கம் நின்று விடாமல் வாதாடுங்கள். அக்காவும் இருந்து கேட்கட்டும்.