ஏழாவது எபியோட நிறுத்திடாதீங்க சிஸ்

உங்க ஆன்லைன் தொடர்கதைல ஏழு எபி (அத்தியாயம்) போட்டும் "சூப்பர்", "நெக்ஸ்ட் எபி எப்போ" மட்டுந்தான் வருது, எழுதவே மனசு வரலைன்னு சொல்லியிருக்கீங்க. அந்த "எப்போ"வை லேசா நினைக்காதீங்க, படிக்காதவங்க அதைக் கேக்கவே மாட்டாங்க. ஆனா உருப்படியான கருத்து தானா வராது சிஸ், கேட்டுத்தான் வாங்கணும். கதை எப்படின்னு பொதுவா கேட்டா நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க, மாமியார் வர்ற சீன்ல எந்த இடத்துல போரடிச்சு ஸ்க்ரோல் பண்ணீங்கன்னு கேளுங்க, உண்மை வந்துடும். அப்புறம் உங்கள மாதிரியே கமெண்ட் இல்லாம தவிக்கிற ரெண்டு பேர் கதைக்கு நீங்க முதல்ல போய், பிடிச்ச ஒரு வரியை அப்படியே காப்பி பண்ணிப் போட்டு ஏன் பிடிச்சுதுன்னு எழுதுங்க, அவங்களும் உங்க பக்கம் வருவாங்க (சில பேர் வரமாட்டாங்க, விடுங்க). 1999ல அமெரிக்காவுல நேனோரைமோன்னு ஒரு நாவல் எழுதுற சவால் ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷத்துலேர்ந்து நவம்பர் ஒரே மாசத்துல 50,000 வார்த்தை, அதாவது தினம் 1,667 வந்துச்சு, அதுல ஆளுங்க சேர்ந்து உக்காந்து டைமர் வச்சு எழுதினாங்க (அதை நடத்தின அமைப்பை 2025ல மூடிட்டாங்க). அவ்வளவெல்லாம் நமக்கு வேணாம், ராத்திரி ஒரு ஃப்ரெண்டோட ஃபோன் கால்ல இருந்துக்கிட்டே இருபது நிமிஷம் திருத்தாம எழுதுங்க போதும். எட்டாவது எபி போட்டதும் என்னை டேக் பண்ணுங்க, ஹீரோவோட அப்பா ஏன் வேலையை விட்டார்னு எனக்கு இன்னும் புரியல.