மகளின் ஐ.க்யூ. 88: காது நன்றாகக் கேட்கிறதா?

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. படிப்பில் பின்தங்குகிறாள் என்று பள்ளியில் சொன்னதால், உளவியல் நிபுணரிடம் ஐ.க்யூ. சோதனை செய்தோம். மொத்த மதிப்பெண் 88, சராசரிக்குச் சற்றுக் கீழே என்று வந்திருக்கிறது. என் கணவரின் தம்பியும் படிப்பில் சுமார்தான். 'இது பரம்பரை, ஒன்றும் செய்ய முடியாது' என்கிறார்கள் வீட்டில். ஞாபக சக்தி டானிக் கொடுக்கலாமா? மறுபடி சோதனை செய்தால் கூடுதலாக வருமா? கூப்பிட்டால் சில சமயம் திரும்புவதில்லை, டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறாள், இரவில் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விடுகிறாள். கவனக்குறைவு நோயாக இருக்குமோ? அறிக்கையை இணைத்துள்ளேன்.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது 88 அல்ல. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, குறட்டையும் டிவி சத்தமும், அதுதான். அதற்கு வருகிறேன். முதலில் 88-ஐப் பார்த்துவிடலாம்.

இந்தச் சோதனைகளில் சராசரி 100. மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் 85-க்கும் 115-க்கும் நடுவில்தான் இருப்பார்கள். உங்கள் மகளும் அதற்குள்தான் இருக்கிறாள். அறிவு வளர்ச்சிக் குறைபாடு என்று சொல்ல, மதிப்பெண் 70-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். அது மட்டும் போதாது, அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்வதிலும் குழந்தை தடுமாற வேண்டும். நீங்கள் பயப்படும் இடத்துக்கு அவள் கிட்டவே இல்லை. அதோடு, அறிக்கையில் 88-க்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் '83–94' என்று இருக்கிறது பாருங்கள். பெற்றோர்கள் பெரும்பாலும் அதைப் படிப்பதே இல்லை. எந்த அளவீட்டிலும் கொஞ்சம் பிழை உண்டு, உண்மையான அளவு இந்த எல்லைக்குள் எங்காவது இருக்கலாம் என்று அதற்கு அர்த்தம்.

இப்போது அடுத்த பக்கத்துக்கு வாருங்கள். படத்தைப் பார்த்து சிவப்பு, வெள்ளைக் கட்டைகளை அடுக்கும் பகுதியில் 105. வாய்மொழிப் பகுதியில் 82. வேலை நினைவாற்றலில், அதாவது கேட்டதைச் சற்று நேரம் மனதில் வைத்துக்கொள்ளும் திறனில், 80. இவ்வளவு மேடு பள்ளம் இருக்கும்போது எல்லாவற்றையும் கூட்டி வரும் ஒற்றை எண்ணுக்குப் பெரிய மதிப்பில்லை. நினைவாற்றல் பகுதியில் சோதிப்பவர் 'ஐந்து, எட்டு, இரண்டு' என்று நொடிக்கு ஓர் எண்ணாகச் சொல்வார், குழந்தை திருப்பிச் சொல்ல வேண்டும். 'என்ன?' என்று கேட்டால்கூட அதே வரிசையை மறுபடி சொல்லக் கூடாது என்பது விதி. காது சரியாகக் கேட்காத குழந்தைக்கு அந்த மதிப்பெண் அங்கேயே போய்விடும். கட்டை அடுக்க அவ்வளவாகக் காது தேவையில்லை. அதில் 105 வாங்கியிருக்கிறாள்!

பரம்பரை என்கிறார்களே, அதற்கு ஒரு பேராசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆன் அனஸ்டாசி, 1908-இல் நியூயார்க்கில் பிறந்தவர். ஒரு வயதில் அப்பாவை இழந்தார். ஒன்பது வயதுவரை பள்ளிக்கே போகாமல் பாட்டியிடம் வீட்டில் படித்தவர். 15 வயதில் பர்னார்டு கல்லூரியில் சேர்ந்து, 21 வயதில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமே வாங்கிவிட்டார். கணிதம் படிக்கப் போனவரை உளவியல் பக்கம் திருப்பியதில் உளவியலாளர் சார்லஸ் ஸ்பியர்மன் எழுதிய ஒரு கட்டுரைக்கும் பங்கு உண்டு. அதில் புள்ளியியல் நிறைய இருந்தது, கணிதத்தையும் விடவேண்டியதில்லை என்று கண்டுகொண்டார். திருமணமான மறுவருடம் கருப்பை வாய்ப் புற்றுநோய் வந்தது. ரேடியம் சிகிச்சையில் பிழைத்தார், ஆனால் குழந்தை பெற முடியாமல் போனது. 1947 முதல் 1979 வரை ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் பணி. 1954-இல் அவர் எழுதிய உளவியல் சோதனைகள் பற்றிய பாடநூல் 1997-இல் ஏழாம் பதிப்பு கண்டது. 1972-இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவர், 1987-இல் தேசிய அறிவியல் பதக்கம்.

வாழ்நாள் முழுக்கச் சோதனைகளையே பாடமாக நடத்திய இவர்தான், மதிப்பெண் ஒரு குழந்தை இப்போது எப்படி இருக்கிறது என்பதை மட்டும் காட்டும், ஏன் அப்படி என்பதைக் காட்டாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். 1958-இல் எழுதிய கட்டுரையில் பரம்பரை எவ்வளவு, சூழல் எவ்வளவு என்று பங்கு பிரிப்பதை விட்டுவிட்டு, எப்படி வேலை செய்கிறது என்று கேளுங்கள் என்றார். அதற்கு அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று பரம்பரைச் செவிட்டுத்தன்மை. காது கேட்காததால் பேச்சும் மொழியும் படிப்பும் தடைபடும், அதனால் அறிவும் பின்தங்கியதுபோல் தெரியும். கற்பிக்கும் முறையை மாற்றினால் அதை ஈடுகட்டிவிடலாம். உங்கள் வீட்டில் 'ஒன்றும் செய்ய முடியாது' என்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

சரி, குறட்டைக்கு வருவோம். மூக்கின் பின்புறம் அடினாய்டு என்ற சதை வீங்கினால் குழந்தை வாயால் மூச்சு விடும், குறட்டை விடும், தூக்கம் கலைந்து பகலில் கவனம் சிதறும். அதே சதை காதுக்குப் போகும் குழாயையும் பாதித்தால், செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும். வலி பெரும்பாலும் இருக்காது, சத்தம் மட்டும் மங்கும். அதுவும் ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், அடுத்த வாரம் கேட்காது. 'வேண்டுமென்றேதான் திரும்பாமல் இருக்கிறாள்' என்று வீட்டில் திட்டு வாங்குவது இப்படித்தான். உங்கள் மகளுக்கு இதுதான் என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கவனக்குறைவு நோய் பற்றிய பேச்சு அப்புறம்.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, ஆடியோமெட்ரி (எவ்வளவு சத்தம் கேட்கிறது என்று பார்ப்பது), டிம்பனோமெட்ரி (செவிப்பறை சரியாக அசைகிறதா, பின்னால் நீர் இருக்கிறதா என்று பார்ப்பது) இரண்டும் செய்துவிடுங்கள். இரண்டுமே வலியில்லாதவை. கண் பரிசோதனையும் வேண்டும். நீர் கோத்திருந்தால் பல குழந்தைகளுக்குத் தானே வற்றிவிடும், மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்பதுதான் வழக்கம். வற்றாவிட்டால், செவிப்பறையில் சின்னக் குழாய் வைப்பதா, அடினாய்டை எடுப்பதா என்று மருத்துவர் முடிவு செய்வார். குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று நின்று வந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே காட்டுங்கள்.

டானிக் வேண்டாம். ஐ.க்யூ.வைக் கூட்டும் டானிக் எதுவும் கிடையாது. ரத்தச் சோதனையில் இரும்புச்சத்தோ தைராய்டோ குறைவு என்று வந்தால் அதற்கு மருந்து கொடுக்கலாம், அது வேறு விஷயம்.

மறுசோதனைக்கும் இப்போது அவசரமில்லை. சீக்கிரமே திரும்பச் செய்தால் கேள்விகள் பழகிப்போய் மதிப்பெண் ஏறும், அதை நம்பிப் பயனில்லை. குறைந்தது ஒரு வருடமாவது போகட்டும், காதும் தூக்கமும் சரியாகட்டும். அதுவரை வகுப்பில் முன்வரிசையில் உட்காரவைக்கச் சொல்லுங்கள், பேசும்போது அவள் முகம் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். ஆடியோகிராம், அதாவது காது சோதனையின் முடிவு, கைக்கு வந்ததும் அதன் நகலை உளவியல் நிபுணரிடம் கொடுத்து, இந்த அறிக்கையோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.